குதிரை போய்த் திரும்பி வந்தது

பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவிலான செஸ் போட்டி ஒன்றில் ஏழு சுற்று ஆடினேன். மூன்றில் வெள்ளை, நான்கில் கறுப்பு. கடைசிச் சுற்றில் கறுப்பு வந்தது, தோற்றேன். அரைப் புள்ளியில் அடுத்த கட்டத்துக்குப் போகிற வாய்ப்பு போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவிடம், "நாலு கறுப்புப்பா, அதான்" என்றேன். அப்பாவுக்கு செஸ் தெரியாது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்போ ஜெயிச்ச பையனுக்கு எத்தனை?" என்று கேட்டார். "அவனுக்கு நாலு வெள்ளை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். உண்மையில் அவனுக்கு எத்தனை வெள்ளை வந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

அந்த நாலு கறுப்பை இருபத்தைந்து வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். செஸ்ஸைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எப்படியோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். முதலில் நகர்த்துகிறவனுக்கு ஒரு லாபம் இருக்கிறது, அதை யாரும் அடுத்தவனுக்கு ஈடுகட்டுவதில்லை, சமமான ஆட்டம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் பாவனை. இதுதான் என் கட்சி. புதிதாக ஏதாவது செஸ் வகையைப் பற்றிப் படித்தாலும், 'இதிலாவது கறுப்புக்கு நியாயம் கிடைக்குமா?' என்றுதான் முதலில் பார்ப்பேன். போன கோடை விடுமுறையில், திருநெல்வேலி வீட்டில், பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இந்தக் கட்சியைப் பாதி கலைத்துவிட்டாள். மீதிப் பாதி இன்னும் நிற்பதால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் என் அண்ணன் மகள். செஸ் வகுப்புக்குப் போகிறாள். ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களை மனப்பாடம் செய்வது போரடிக்கிறதாம். மதியம் சாப்பாடு முடிந்ததும் பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். "சித்தப்பா, புது ரூல். ஒரு டர்னுக்கு ரெண்டு மூவ். ஒரே காயை ரெண்டு தடவையும் நகத்தலாம். செக், மேட் எல்லாம் கிடையாது. ராஜாவை வெட்டினா ஜெயிச்சாச்சு." வெள்ளையை அவளே எடுத்துக்கொண்டாள். குதிரையை சி3 கட்டத்துக்கு, அங்கிருந்து டி5-க்கு. நான் பழக்க தோஷத்தில் சிப்பாயை இ5-க்குத் தள்ளி, குதிரையை எஃப்6-இல் வைத்தேன். அவள் குதிரை சி7 சிப்பாயை வெட்டியது, அங்கிருந்து நேரே என் ராஜா மேல் போய் உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்தது. தட்டு கழுவின ஈரம்கூட என் கையில் காயவில்லை.

"முதல்ல ஆரம்பிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க, இது என்ன ஆட்டம்!" என்றேன். பழைய பஸ் ஞாபகம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "சரி, நீங்க வெள்ளை." நானும் அதே குதிரையை அதே டி5-க்குக் கொண்டுபோனேன். அவள் சிப்பாயை இ6-க்கு ஒரு தட்டுத் தட்டினாள், அடுத்த நகர்த்தலில் அதே சிப்பாயால் என் குதிரையை வெட்டிப் பெட்டிக்குள் போட்டாள்.

இது கொஞ்சம் யோசிக்க வைத்தது. ராணியை எச்5-க்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான்: ஜி6, பிறகு வெட்டு. பிஷப்பை சி4-இல் வைத்தால் டி5, பிறகு வெட்டு. எல்லை தாண்டி வருகிறவனை அடித்து விரட்ட எதிராளிக்கும் இரண்டு நகர்த்தல் இருக்கிறதே. அன்று மாலைக்குள் என் கட்சி தலைகீழாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் முந்துகிறவன் மாட்டிக்கொள்கிறான், பொறுத்திருக்கிறவன் பிழைக்கிறான் என்று தோன்றியது. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு எழுத ஆரம்பித்தோம். மூன்று நாளில் வெள்ளை 11, கறுப்பு 10. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் மனதுக்குள் கறுப்பு பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

நாலாவது நாள்

அன்று அவளுக்கு வெள்ளை. காய்களை அடுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குதிரையை எடுத்து சி3-இல் வைத்தாள். அதே குதிரையை எடுத்துத் திரும்ப பி1-இல் வைத்தாள். "போயிட்டு வந்துடுச்சு. இப்போ நீங்கதான் முதல்."

"இது செல்லாது" என்றேன். ஏன் செல்லாது என்று கேட்டாள். பதில் இல்லை. இரண்டு நகர்த்தல், இரண்டும் விதிப்படிதான். பலகை அப்படியே இருக்கிறது, ஒரு காய் இடம் மாறவில்லை, முறை மட்டும் என் பக்கம் வந்துவிட்டது. 'இரண்டாவதாக ஆடுகிறவனுக்குத்தான் நல்லது' என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா, அந்த இரண்டாவது இடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நினைத்துச் செய்தாளோ விளையாட்டுக்குச் செய்தாளோ, நடந்தது ஒரு நிரூபணம். இப்படிப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் கறுப்புக்கு நிச்சயமாக ஜெயிக்கிற வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை என்ன ஆடினாலும் செல்லுபடியாகிற வழி. அப்படியானால் வெள்ளை முதல் முறையிலேயே குதிரையை வெளியே விட்டு உள்ளே கட்டிவிடும். இப்போது கறுப்புதான் முதலில் ஆட வேண்டும், வெள்ளை இரண்டாமவர். அந்த நிச்சயமான வழி இப்போது வெள்ளையின் கையில். இருவருமே நிச்சயமாக ஜெயிக்க முடியாது, ஆகவே அப்படி ஒரு வழி கறுப்புக்கு இருக்கவே முடியாது. ஆக, இரண்டு நகர்த்தல் செஸ்ஸில் பிழையில்லாமல் ஆடினால் வெள்ளை தோற்காது. கோடிக்கணக்கான நிலைகளை ஆராய வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு குதிரை போய்த் திரும்பி வந்தால் போதும்.

எப்படி ஆடினால் வெள்ளை தோற்காது என்பதை மட்டும் இந்த நிரூபணம் மூச்சே விடாது. அதுதான் இதன் அழகும் எரிச்சலும். பிறகு தேடியபோது, கணக்குப் பிரியர்களிடையே இது பழைய புதிர் என்று தெரிந்தது. இதற்கு அண்ணன் முறையான ஒன்று ஹெக்ஸ் ஆட்டத்தில் இருக்கிறது. அறுகோணக் கட்டப் பலகையில் எதிரெதிர் ஓரங்களைத் தன் காய்களால் இணைக்கிறவர் ஜெயிக்கிற ஆட்டம், டென்மார்க்கின் பீட் ஹைன் 1942-இல் கண்டுபிடித்தது. சில வருடம் கழித்து அமெரிக்காவில் ஜான் நாஷ் என்ற கணித மேதை தானாகவே அதே ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அதில் டிரா கிடையாது, கூடுதலாக ஒரு காய் இருந்தால் கெடுதலும் கிடையாது. எனவே இரண்டாமவரிடம் வெற்றி வழி இருந்தால் முதலாமவர் அதைத் திருடிக்கொள்ளலாம், ஆகவே வெற்றி வழி முதலாமவரிடம்தான் இருக்க வேண்டும் என்று நாஷ் காட்டினார். 'உத்தித் திருட்டு' என்றே இந்த வாதத்துக்குப் பெயர். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததும் அதே திருட்டுதான், ஆளுக்குத்தான் வயது பதினொன்று.

சும்மா இருக்க முடியாத ஆட்டம்

அன்று இரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, இதே வாதத்தை நம் வழக்கமான செஸ்ஸுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தேன். முடியாது. அங்கே ஒரு முறைக்கு ஒரே நகர்த்தல். குதிரை போனால் போனதுதான், அது திரும்புவதற்குள் எதிராளி ஆடிவிடுவான். 'பாஸ்' சொல்லவும் வழியில்லை. நகர்த்தியே தீர வேண்டும் என்பதே தண்டனையாகிவிடுகிற நிலைகள் செஸ்ஸில் உண்டு, அதற்கு ஜெர்மன் மொழியிலிருந்து வந்த 'சுக்ஸ்வாங்' என்ற பெயரும் உண்டு. ஆரம்ப நிலையே ஒரு மாபெரும் சுக்ஸ்வாங்காக இருந்தால்? முதலில் நகர்த்த வேண்டியிருப்பதாலேயே வெள்ளை தோற்கிற ஆட்டமாக இருந்தால்? எந்த கிராண்ட்மாஸ்டரும் இதை நம்ப மாட்டார், நானும் நம்பவில்லை. ஆனால் அப்படி இல்லை என்று கணித முறைப்படி யாரும் நிரூபித்ததில்லை. இத்தனை வருடமாக நான் உறுதியாகப் பேசிவந்த 'முதல் நகர்த்தலின் லாபம்' என்பது அனுபவக் கணக்குதான், தேற்றம் கிடையாது.

காய்களையெல்லாம் பறிகொடுக்கிறவர் ஜெயிக்கிற செஸ் வகை இருக்கிறதே, வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்கிற ஆட்டம், அதில் கதை வேறு. மார்க் வாட்கின்ஸ் என்ற கணிதக்காரர் 2016-இல் அதைக் கம்ப்யூட்டர் துணையோடு முடித்துவைத்தார்: வெள்ளை முதலில் சிப்பாயை இ3-க்கு நகர்த்தினால் வெற்றி நிச்சயம். அதே ஆட்டத்தில் இ4, டி4 என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற ஆரம்பங்கள் வெள்ளைக்குத் தோல்வி. முதலில் நகர்த்துவது அங்கே வரமாகவும் இருக்கிறது, பொறியாகவும் இருக்கிறது. எந்தச் சிப்பாய், எத்தனை கட்டம் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு பழைய கடன்

அனுபவக் கணக்கு என்றேன் இல்லையா, அதையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1851 முதல் 1932 வரை நடந்த 45 சர்வதேசப் போட்டிகளின் 5,598 ஆட்டங்களை 1946-இல் டபிள்யூ. எஃப். ஸ்ட்ரீட்டர் என்பவர் எண்ணியிருக்கிறார். வெள்ளை ஜெயித்தது நூற்றுக்கு 38.12, கறுப்பு 31.31, மீதி டிரா. டிராவைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் வெள்ளையின் பங்கு 53.4, கறுப்பின் பங்கு 46.6. அதற்குப் பின்னால் எண்ணியவர்களின் கணக்கும் ஒன்றிரண்டு புள்ளி மேலே கீழே இதே பக்கம்தான் நிற்கிறது.

ஆக, ஓர் ஆட்டத்தில் வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்பு வந்தால் சராசரி இழப்பு 53.4-இல் 46.6 போக, நூறு ஆட்டத்துக்கு 6.8 புள்ளி. ஓர் ஆட்டத்துக்கு 0.07 புள்ளி. இதுவும் உலகத்தரமான ஆட்டக்காரர்களின் கணக்கு. பத்து நகர்த்தலுக்குள் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிடுகிற பள்ளிப் பையன்களிடம் நிறத்தின் பங்கு இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஏழு சுற்றில் யாருக்கும் மூன்றரை வெள்ளை தர முடியாது, ஒரு பக்கம் நாலு விழத்தான் செய்யும். எனக்கு விழுந்த அந்த ஒரு கூடுதல் கறுப்பின் விலை 0.07 புள்ளிதான். நான் தவறவிட்டது 0.5. மீதி 0.43 என் கையாலாகாத்தனம். இதை அப்பாவிடம் சொல்ல முடியாது, அவர் இப்போது இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "எந்தப் போட்டிடா?" என்றாள்.

இந்த இடத்தில் 2024 டிசம்பர் 12 ஞாபகம் வராமல் இருக்குமா. சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, கடைசி ஆட்டம். வெள்ளை அப்போதைய சாம்பியன் டிங் லிரனுக்கு, கறுப்பு குகேஷுக்கு. டிரா ஆனால் டைபிரேக் (சமநிலையை உடைக்க ஆடுகிற வேக ஆட்டங்கள்) என்றிருந்த நிலையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோனார், அந்தப் பிழையில் எல்லாம் முடிந்தது, குகேஷ் சாம்பியன். அதே மேட்ச்சின் முதல் ஆட்டத்தில் வெள்ளையோடு ஆடித் தோற்றவர் குகேஷ். 2013-இல் சென்னையில் ஆனந்திடம் கார்ல்சன் ஜெயித்த மூன்று ஆட்டங்களில் இரண்டு அவர் கறுப்பில் ஆடியவை. இதையெல்லாம் வைத்துக் கறுப்புதான் நல்லது என்று வாதிட வரவில்லை, தனித்தனி ஆட்டங்களால் எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்த டிசம்பர் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, 'கறுப்புதானே, டிரா பண்ணாலே பெரிசு' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

இரண்டு புகார்கள்

செஸ் விதிகளை மாற்ற வேண்டும் என்கிறவர்கள் இரண்டு வேறு புகார்களைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஒரு புகார், டிரா அதிகம் என்பது. 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. அந்தப் புகாருக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இன்னொரு புகார், வெள்ளைக்குச் சலுகை என்பது. முதல் புகாருக்கு எழுதிய மருந்து இரண்டாவதைக் குணப்படுத்தும் என்று நினைத்துவிடுகிறோம்.

முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 2019-இன் கடைசியில், கேஸ்லிங்கை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவை ஓரத்தில் ஒதுக்குவதை) எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். கூகுளின் டீப்மைண்ட் ஆட்களோடு சேர்ந்து, ஒவ்வொரு புது விதிக்கும் அவர்களுடைய ஆல்ஃபாஜீரோ என்ற, தானே ஆடிக் கற்றுக்கொள்கிற நிரலை முதலிலிருந்து பழக்கி ஆடவிட்டுப் பார்த்தார். மொத்தம் ஒன்பது விதி மாற்றங்கள்: சிப்பாய் எங்கிருந்தாலும் இரண்டு கட்டம் பாயலாம், சிப்பாய் பக்கவாட்டில் நகரலாம், தன் காயைத் தானே வெட்டலாம் என்று. கேஸ்லிங் இல்லாத செஸ்ஸுக்கான முதல் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? நம் சென்னையில், 2020 ஜனவரியில். நூற்றுக்கு 89 ஆட்டங்களில் யாரோ ஒருவர் ஜெயித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். இப்போது திரும்பப் படித்தால், 89 என்ற எண் எனக்கு வேண்டிய பதிலைத் தரவே இல்லை என்று தெரிகிறது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டு நின்றால் ரத்தம் சிந்தும், சரி. யார் ரத்தம் அதிகம்? முடிவு கிடைக்கிற ஆட்டம் வேறு, சமமான ஆட்டம் வேறு.

ஃபிஷர் ரேண்டம் கதையும் இப்படித்தான். 1996 ஜூனில் புவனோஸ் ஐரஸில் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் அதை அறிவித்தபோது அவர் கோபமெல்லாம் ஓப்பனிங் மனப்பாடத்தின் மேல். பின்வரிசைக் காய்களைக் கலைத்து அடுக்க 960 வழி. பிஷப்புகள் எதிரெதிர் நிறக் கட்டத்தில், ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவில், இவ்வளவுதான் நிபந்தனை. மனப்பாடம் ஒழிந்தது உண்மை. 2019-இல் நார்வேயில் நடந்த அதன் உலகப் போட்டியின் இறுதியில் வெஸ்லி ஸோ, கார்ல்சனை 13.5–2.5 என்று துவைத்து எடுத்தார். ஆனால் வெள்ளை முதலில் நகர்த்துவது அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் சில அடுக்குகளில் கறுப்பின் பாடு இன்னும் மோசம்: பாதுகாப்பில்லாத சிப்பாய் ஒன்று ஆரம்பத்திலேயே நிற்கும், வெள்ளை முதல் நகர்த்தலிலேயே அதன் மேல் கை வைக்கலாம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பரிகாரம் ரொம்பச் சாதாரணமானது. ஒரே அடுக்கை இரண்டு தடவை ஆடு, நிறத்தை மாற்றிக்கொள். செஸ் எஞ்சின்களை, அதாவது செஸ் ஆடுகிற கம்ப்யூட்டர் நிரல்களை மோதவிடும்போதும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்த ஓப்பனிங்கை வேண்டுமென்றே கொடுத்து, இரண்டு எஞ்சின்களையும் இரண்டு பக்கமும் ஆடவைக்கிறார்கள். பலகை கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும், இருவருக்கும் ஒரே கோணல். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. இது சமமா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை, அடுத்த ஆட்டத்தில் நான் புலி என்பதுதான் சண்டையே.

பொதுவாக, எதிராளியின் ராஜாவை எவ்வளவு சீக்கிரம் எட்ட முடிகிறதோ அவ்வளவுக்கு முதல் நகர்த்தலின் விலை ஏறுகிறது. மூன்று செக் வைத்தால் வெற்றி என்கிற வகையும், வெட்டிய காயை நம் காயாக இறக்கிக்கொள்கிற வகையும் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்பு பாதி நேரம் தீயணைப்பு வேலைதான் பார்க்கும். ராஜாக்கள் எட்டாவது வரிசைக்கு ஓடுகிற பந்தய வகை ஒன்று இருக்கிறது. அதில் எல்லாக் காய்களும் ஒரே பக்கம் அடுக்கப்பட்டிருக்கும். வெள்ளை ராஜா முதலில் எட்டிவிட்டாலும் கறுப்புக்கு இன்னும் ஒரு நகர்த்தல் உண்டு. அதில் கறுப்பு ராஜாவும் எட்டிவிட்டால் டிரா. முன்னால் ஓடியவனுக்குத் தந்த ஒரு அடியை முடிவில் திருப்பி வாங்குகிறார்கள். விதி எழுதியவர் கடன் கணக்கு தெரிந்தவர்.

ஜப்பானியர்கள் இந்தக் கணக்கில் நம்மைவிடப் பொறுமைசாலிகள். கற்களை வைத்து இடம் வளைக்கிற கோ ஆட்டத்தில் கறுப்புதான் முதலில் வைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மேதை ஷுசாக்குவிடம் ஒரு முக்கிய ஆட்டத்தின் முடிவைக் கேட்டபோது, "எனக்குக் கறுப்பு" என்று மட்டும் சொன்னாராம். கேட்டவருக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லையாம். 'நாலு கறுப்புப்பா' என்ற என் வசனத்துக்கு நேர் எதிர்! அந்தக் காலத்தில் இரண்டாமவருக்கு ஈடு எதுவும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில்தான் 'கோமி' என்று புள்ளிகளை வெள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம் வேரூன்றியது. நாலரை, பிறகு ஐந்தரை, 2002-இலிருந்து ஜப்பானில் ஆறரை, சீனாவில் ஏழரை. அரை எதற்கு என்றால் டிரா வராமலிருக்க. விதியைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை, முதல் கல்லின் விலையை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். அவர்களுடைய இன்னொரு ஆட்டமான ஷோகியில், அதாவது ஜப்பானிய செஸ்ஸில், ஒரே நிலை நான்கு தடவை வந்தால் பொதுவாக டிரா கொடுப்பதில்லை, முதலில் ஆடுகிறவரை மாற்றி மறுபடி ஆடச் சொல்கிறார்கள். ஆகவே இரண்டாமவர் அதைக் குறிவைத்தே ஆடுவதும் உண்டு. 2008-ஆம் ஆட்டப் பருவத்தில் தொழில்முறை ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் இரண்டாமவர்களே முன்னிலை வகித்தார்கள். நான் ஜப்பானில் பிறந்திருந்தால் அந்த பஸ்ஸில் எதைக் குறை சொல்லியிருப்பேனோ.

அல்வாவைப் பிரிப்பது

இரண்டு நகர்த்தல் செஸ்ஸுக்கும் ஒரு பரிகாரம் ஏற்கெனவே இருக்கிறது: முதல் முறையில் மட்டும் வெள்ளைக்கு ஒரே நகர்த்தல், அப்புறம் இருவருக்கும் இரண்டிரண்டு. எண்ணிப் பார்த்தால் அழகான ஏற்பாடு. வெள்ளை ஒன்று முன்னால், பிறகு கறுப்பு ஒன்று முன்னால், மறுபடி வெள்ளை ஒன்று முன்னால் என்று முந்துவது மாறிக்கொண்டே இருக்கும். குதிரையும் போய்த் திரும்ப முடியாது, உத்தித் திருட்டு வாதம் அங்கேயே உடைகிறது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பெருமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டா? நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "அதெல்லாம் சரி சித்தப்பா, ஆனா எனக்கு ஒண்ணுதானே?" அவள் சொன்னதில் தப்பு இல்லை. கணக்கில் சரியாக இருக்கிற நியாயம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு அநியாயமாகத் தெரிந்தால் ஆட்டம் எப்படி நடக்கும்?

எங்கள் சச்சரவைக் கேட்டுக்கொண்டே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அல்வா மாதிரி பண்ணுங்களேன்" என்றாள். சின்ன வயதில் அப்பா கால் கிலோ அல்வா வாங்கிவந்தால் எனக்கும் அண்ணனுக்கும் அடிதடி. நெய்யில் வழுக்குகிற அல்வாவைச் சரிபாதியாக வெட்ட எந்தக் கத்தியாலும் முடியாது. அம்மா வைத்த சட்டம்: ஒருத்தன் பிரிக்கணும், அடுத்தவன் எடுக்கணும். பிரிக்கிறவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரிப்பான், ஏனென்றால் பெரிசு எதுவோ அது போய்விடும். ஹெக்ஸ் ஆட்டத்திலும் இதே சட்டம்தான்: ஒருவர் முதல் காயை வைப்பார், அடுத்தவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்வார். ரொம்ப நல்ல முதல் நகர்த்தலை ஆடினால் பறிபோகும், ரொம்ப மோசமாக ஆடினால் தலையில் விழும்.

செஸ்ஸில் டைபிரேக்குக்கு ஆடுகிற ஆர்மகெடானிலும் இந்தச் சட்டம் நுழைந்திருக்கிறது. கறுப்புக்கு டிரா போதும், அதற்கு ஈடாக நேரம் குறைவு. வழக்கமாக வெள்ளைக்கு 5 நிமிடம் கறுப்புக்கு 4, நார்வே செஸ் போட்டியில் 10-க்கு 7. இந்த எண்களை யாரோ ஒரு நடுவர் குத்துமதிப்பாகத்தான் வைத்திருக்க வேண்டும். 2023-இன் சாம்பியன்ஸ் செஸ் டூரில் ஏலமே விட்டார்கள்: எத்தனை நிமிடம் கொடுத்தால் கறுப்பில் ஆடுவேன் என்று இருவரும் ரகசியமாகச் சொல்ல வேண்டும், குறைவாகக் கேட்டவருக்குக் கறுப்பு. கறுப்பு வேண்டும் என்று ஆட்கள் விலை குறைத்துக் கேட்கிற காட்சியைப் பார்க்கும்போது எனக்கு ஏதோ செய்தது. நூறு வருடக் கணக்கை எண்ணி அலசுவதைவிட, ஆடப்போகிற இருவரையே விலை சொல்லச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தோற்றால், அது நாமே சொன்ன விலை; பஸ்ஸில் யாரிடம் போய்ப் புலம்புவது?

ஓட்டை இல்லாமல் இல்லை. அல்வா பிரிக்கும்போது அண்ணன் முந்திரியையெல்லாம் சின்னத் துண்டின் அடியில் அழுத்தி வைத்துவிடுவான், நான் பெரிசைப் பார்த்து ஏமாந்து எடுப்பேன். எதற்கு என்ன மதிப்பு என்று அதிகம் தெரிந்தவன் பிரித்தாலும் ஜெயிப்பான், எடுத்தாலும் ஜெயிப்பான். அண்ணன் மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு ரத்தத்திலேயே இருக்கும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அல்வா சட்டப்படி ஆடினோம். அவள் வெள்ளையின் முதல் முறையை ஆட வேண்டும், நான் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலகைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சிப்பாயைத் தொட்டாள், விட்டாள். கடைசியில் குதிரையை எடுத்து சி3, திரும்ப பி1. "எடுத்துக்கோங்க."

பலகை புதிதாக அடுக்கின மாதிரி நிற்கிறது, முறை கறுப்புக்கு. முதலில் ஆடுகிறவன் தோற்க வேண்டியதில்லை என்று அவள்தான் எனக்குக் காட்டியிருக்கிறாள். இப்போது முதலில் ஆடப்போவது கறுப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கட்டாயப்படுத்தாமல், கறுப்பைக் கேட்டு வாங்கினேன். பலகையைத் திருப்பி வைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் குதிரையை சி6-க்குக் கொண்டுபோய்த் திரும்ப பி8-இல் வைத்தேன். அவள் கண் விரிந்தது. மறுபக்கத்துக் குதிரையை எஃப்3-க்கு, திரும்ப ஜி1-க்கு. நான் எஃப்6, ஜி8. அவள் மறுபடி சி3, பி1.

அம்மா கீரைத் தட்டோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்தக் குதிரையை எத்தனை தடவைடா வெளிய விட்டு உள்ள கட்டுவீங்க? எப்பத்தான் வெளாட ஆரம்பிப்பீங்க?" என்றாள்.

"அவதான் முதல்ல ஆடணும்" என்றேன்.

"இல்ல ஆச்சி, சித்தப்பாதான்."